கணினி முன் உட்கார்ந்து பாட்டு கேட்க எந்த ஹெட்போன்?

கணினியில் பாட்டு கேட்பவர் இருந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை. ஹெட்போன் தேடத் தொடங்கும்போதே இதை மனதில் இருத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். விளம்பரங்களில் முன்னால் வந்து நிற்பவை பெரும்பாலும் நடந்துகொண்டே கேட்பவருக்காகச் செய்யப்பட்டவை. மடித்துப் பைக்குள் போடலாம், வியர்வை பட்டாலும் கெடாது, ஒருமுறை சார்ஜ் போட்டால் முப்பது மணி நேரம் ஓடும், விமான இரைச்சலை அடக்கும். நாற்காலியில் உட்கார்ந்து கேட்பவர் இவற்றுக்காகக் கொடுக்கும் பணம் அவர் காதுக்கு வந்து சேர்வதில்லை.

அவருடைய கணக்கு வேறு. காலையில் தலையில் மாட்டினால் மதியம் வரை அங்கேயே இருக்கும். எனவே கனம் முக்கியம், கிண்ணங்கள் தலையை அழுத்தும் விசை முக்கியம், மெத்தைக்குள் சேரும் சூடு முக்கியம். கூடவே அவரிடம் இன்னொரு வசதியும் இருக்கிறது: கணினி. பேஸ் (தாழ்ந்த ஒலி) கொஞ்சம் குறைகிறது, ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) குத்துகிறது என்றால், இவற்றைக் கூட்டிக் குறைக்கும் இலவச ஈக்வலைசர் மென்பொருள் ஒன்றை நிறுவிப் பெருமளவு சரிசெய்துகொள்ளலாம். தலையை நெரிக்கும் ஹெட்போனைத் தளர்த்த ஒரு மென்பொருளும் இல்லை. அதனால் மாற்ற முடியாதவற்றை முதலில் பார்த்துவிட்டு, ஒலியின் நிறத்தைக் கடைசியில் பார்ப்பதே என் வழக்கம். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது.

திறந்ததா, மூடியதா

ஹெட்போனுக்குள் ஒலியை எழுப்பும் பாகமான டிரைவரின் சவ்வு முன்னும் பின்னும் அசைகிறது. முன்பக்க ஒலி காதுக்கு வருகிறது. பின்பக்கம் எழும் ஒலியை என்ன செய்வது என்ற இடத்தில்தான் இரண்டு வகைகள் பிரிகின்றன. மூடிய ஹெட்போனில் கிண்ணத்தின் வெளிப்புறம் சுவர்போல அடைத்திருக்கும். பின்னொலி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். திறந்த ஹெட்போனில் அந்த இடத்தில் கம்பிவலையோ துளைகளோ இருக்கும். பின்னொலி அறைக்குள் போய்க் கலைந்துவிடும். சென்ஹைசர் நிறுவனம் 1968-ல் வெளியிட்ட எச்டி 414 தான் திறந்த வகையில் முதலாவது.

திறந்த ஹெட்போனை மாட்டியதும் காதைப் பொத்திய உணர்வு இல்லாததுதான் முதலில் தெரியும். பாட்டு ஓடத் தொடங்கினால் வாத்தியங்களுக்கு நடுவே காற்று இருப்பது தெரியும். தம்புரா பின்னால் பாய்போல விரிந்து கிடக்க, குரல் அதன் மேல் தனியாக வந்து நிற்கும். மூடிய கிண்ணத்தில் சிக்கிய பின்னொலியில் ஒரு பங்கு சுவரில் பட்டுத் திரும்பி, மெல்லிய சவ்வைக் கடந்து மறுபடி காதுக்கு வருகிறது. குரலிலும் வயலினிலும் கேட்கும் லேசான பெட்டி ஓசை அங்கிருந்து வருவது. உள்ளே பஞ்சும் துணியும் வைத்து அதைக் குறைக்கிறார்கள். முழுக்கப் போக்குவது எளிதான வேலை இல்லை.

திறந்ததற்கு மூன்று விலை கொடுக்க வேண்டும். ஒன்று, நீங்கள் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். மெல்லிய சத்தமாக இல்லை, என்ன பாட்டு என்று கண்டுபிடிக்கும் அளவுக்கே கேட்கும். இரண்டு, அறையில் நடப்பதெல்லாம் உங்களுக்கும் கேட்கும். மூன்று, 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஆழமான பேஸ், டைனமிக் என்ற வழக்கமான வகை டிரைவர் கொண்ட திறந்த ஹெட்போன்கள் பலவற்றில் குறைந்துவிடும். மிருதங்கத்தின் தொப்பியும் கிட்டாரின் தடித்த தந்தியும் அதற்கு மேலேதான் இருக்கின்றன, அவை தப்பித்துவிடும். மின்னணு இசையில் நெஞ்சில் வந்து இடிக்கும் அந்த அடி மட்டும் மெலிந்துபோகும்.

இரண்டில் ஒன்றைத் தேர்வதற்கு நான் சொல்லும் வழி எளிது. வழக்கமாகப் பாட்டு கேட்கும் நேரத்தில், வழக்கமாக உட்காரும் இடத்தில், எதையும் ஓடவிடாமல் ஐந்து நிமிடம் உட்காருங்கள். கணினியின் காற்றாடியும் மின்விசிறியும் மட்டும் கேட்டால் திறந்ததை வாங்கலாம். அந்த சீரான இரைச்சலைச் சில நிமிடங்களில் மூளை ஒதுக்கிவிடும். பக்கத்து அறைப் பேச்சின் சொற்கள் புரிந்தால், அல்லது அதே அறையில் இன்னொருவர் படிக்கிறார், தூங்குகிறார் என்றால் மூடியதுதான். புரிகிற பேச்சை ஒதுக்க மூளைக்குத் தெரியாது. அதை மூழ்கடிக்க நாம் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவோம், கடைசியில் பாடுபடுவது காதுதான்.

காதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 83 டெசிபலில் 20 மணி நேரம், 89 டெசிபலில் வெறும் 5 மணி நேரம். வேலை நாள் முழுவதும் ஹெட்போனோடு இருப்பவர் இந்த 40 மணி நேரத்தை ஒரே வாரத்தில் சாதாரணமாகத் தொட்டுவிடுவார். அமைதியான அறையில் திறந்த ஹெட்போனும், சத்தமான அறையில் மூடிய ஹெட்போனும் என்று பிரிப்பதற்கு ஒலித்தரத்தைவிட இதுவே எனக்குப் பெரிய காரணம்.

கண்ணாடி அணிபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூடிய ஹெட்போனின் பேஸ், மெத்தை தலையோடு இடைவெளி இல்லாமல் ஒட்டுவதை நம்பியிருக்கிறது. கண்ணாடியின் காம்பு மெத்தையை அரை மில்லிமீட்டர் தூக்கினாலே அந்த வழியாக பேஸ் கசியும். ஒரே ஹெட்போனைப் பற்றி ஒருவர் "பேஸ் இடி மாதிரி" என்றும் இன்னொருவர் "பேஸே இல்லை" என்றும் எழுதுவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். பிறர் எழுதியதைப் படிக்கும்போது எழுதியவர் கண்ணாடி அணிபவரா என்று தெரிந்துகொள்ள முடிந்தால் நல்லது. உங்களுக்குக் கண்ணாடி உண்டென்றால், போட்டுக்கொண்டே கேட்டுப் பாருங்கள். மெல்லிய காம்பும் மிருதுவான மெத்தையும் பாதிச் சிக்கலைத் தீர்க்கும்.

பெயர் சொல்லி ஒப்பிட்டால்

திறந்த வகையில் நான் முதலில் எடுத்துப் பேச விரும்புவது சென்ஹைசர் எச்டி 600. 1997-ல் வந்தது, இன்றும் விற்பனையில் இருக்கிறது. மெத்தை, தலைப்பட்டை, ஒயர் என்று எல்லாவற்றையும் தனியாக வாங்கி மாற்றலாம். குரலுக்கு இதைவிட இயல்பானதை இந்த வகுப்பில் நான் கேட்டதில்லை. பாடகர் மூச்சு வாங்குவது, வயலினில் வில் திரும்பும் இடம், நாகஸ்வரத்தின் சீவாளி ஓசை எல்லாம் மிகையில்லாமல் வரும். குறையும் உண்டு. ஆழமான பேஸ் இறங்கும். இசை வெளி அகலமாக விரியாமல் தலையைச் சுற்றியே நிற்கும். புதிதாக இருக்கும்போது பிடி இறுக்கம். தலைப்பட்டையின் உலோகப் பகுதியை மெல்ல வெளிப்பக்கம் வளைத்துப் பலர் தளர்த்திக்கொள்கிறார்கள்.

அகலம் வேண்டும், இசைக்குழு கண்முன் விரிய வேண்டும் என்றால் ஏகேஜி கே702. மேடையின் இடது ஓரமும் வலது ஓரமும் தள்ளித் தள்ளி நிற்கும். அதற்கு ஈடாகக் குரலின் சதைப்பற்று கொஞ்சம் குறையும், பேஸும் மெலிவு. பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ நேர் எதிர்: பேஸும் ட்ரெபிளும் தூக்கலாக இருக்கும், நடுவில் உள்ள குரல் ஓர் அடி பின்னே நிற்கும். ஸ, ஷ ஒலிகள் சீறும். அதன் வெல்வெட் மெத்தை மட்டும் எச்டி 600-ஐவிடவும் மிருது. நாள் முழுக்கப் போட்டிருக்க இதைத்தான் விரும்புவேன், ஈக்வலைசரில் ட்ரெபிளை இறக்கிய பிறகு. மூன்றுக்கும் நடுவழியாக 2020-ல் வந்த சென்ஹைசர் எச்டி 560எஸ் இருக்கிறது. மின்தடை 120 ஓம்தான் என்பதால் கணினியின் ஜாக்கே அதை ஓட்டும். பேஸ் எச்டி 600-ஐவிட ஆழம் வரை கேட்கும். எச்டி 600-ன் குரல் இனிமை இதில் இல்லை. முதன்முதலாகத் திறந்த ஹெட்போன் வாங்குபவர் இதில் தொடங்கினால் தவறாது.

மூடிய வகையில் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். சோனி எம்டிஆர்-7506, 1991 முதல் ஒலிப்பதிவுக் கூடங்களில் புழங்குவது. இலேசானது, தெளிவானது. பதிவில் உள்ள பிழையைப் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டும். அந்த வேலைக்காகவே செய்தது என்பதால் பொழுதுபோக்காகக் கேட்பவருக்கு ட்ரெபிள் சலிப்பூட்டும். மெத்தையும் மெல்லியது, சில ஆண்டுகளில் அதன் மேல்தோல் உரியும். ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ் உற்சாகமானது. பேஸ் துள்ளும், ஒயரைக் கழற்றலாம், 38 ஓம் என்பதால் எதில் செருகினாலும் பாடும். ஆனால் கிண்ணத்தின் உட்குழி ஆழமில்லை. காது மடல் கொஞ்சம் பெரிதாக இருப்பவருக்கு ஒரு மணி நேரத்தில் வலிக்கத் தொடங்கும், செயற்கைத் தோல் மெத்தையில் காது வேகும்.

மூன்றாவது, பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ. கணினி மேசைக்கு மூடியது ஒன்றை மட்டும் சொல் என்றால் நான் சொல்வது இதையே, அதிலும் 80 ஓம் வடிவத்தை. வெல்வெட் மெத்தை, காது முழுதும் உள்ளே அடங்கும் குழி, மூடியதாக இருந்தும் நெருக்காத வெளி. டிடி 990 போலவே ட்ரெபிள் கொஞ்சம் கூர்மை, அதையும் கணினியில் இறக்கிவிடலாம். இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது கழற்ற முடியாத ஒயர். சுழல் நாற்காலியின் சக்கரம் ஒருமுறை ஒயரில் ஏறி இறங்கினால் போதும், ஒரு பக்கம் மட்டும் கேட்கத் தொடங்கும். பிறகு ஒயரைப் பற்றவைக்கத் தெரிந்தவரைத் தேட வேண்டும். பின்னால் வந்த ப்ரோ எக்ஸ் வடிவத்தில் ஒயரைக் கழற்றும்படி மாற்றிவிட்டார்கள். உருளும் நாற்காலி வைத்திருப்பவர் அதைப் பார்ப்பது நல்லது.

டைனமிக் டிரைவருக்குப் பதிலாகத் தட்டையான சவ்வு முழுவதிலும் மின்தடம் ஓடும் ப்ளானர் வகையும் உண்டு. ஹைஃபைமேன், ஆடிஸி போன்றவர்கள் செய்கிறார்கள். ஆழமான பேஸ் இறங்காமல் நிற்கும், மிருதங்க அடி பட்டென்று தொடங்கிப் பட்டென்று முடியும். கேட்க அருமை. ஆனால் காந்தங்களால் கனம் கூடும். ஆடிஸியின் எல்சிடி வரிசையில் அரைக் கிலோவைத் தாண்டியவை உண்டு, எச்டி 600-ஓ ஏறக்குறைய 260 கிராம்தான். ஒரு மணி நேரம் கண்ணை மூடிக் கேட்பவருக்குக் கனமான ப்ளானர் சரி. வேலை செய்துகொண்டே கேட்பவரின் கழுத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஒயரா, ப்ளூடூத்தா

கணினியோடு ப்ளூடூத் ஹெட்போன் வைத்திருந்த காலத்தில் ஒரு நாள் வயலின் கச்சேரி ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ராகம் நல்ல உச்சத்தில் இருந்தது. பின்னால் திறந்து கிடந்த வீடியோ அழைப்புச் செயலி ஒன்று மைக்கைத் தொட்டதும் வயலின் சட்டென்று பழைய தொலைபேசிக்குள் விழுந்ததுபோல் ஆனது. ஹெட்போன் பழுது என்றே நினைத்தேன். கழற்றி, மறுபடி இணைத்து, அரை நாளை வீணாக்கிய பிறகுதான் காரணம் புரிந்தது.

வழக்கமான ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு ஒரு வழி. ஏ2டிபி என்ற வழியில் ஸ்டீரியோ பாட்டு ஒரே திசையில் வருகிறது. மைக் வேண்டும் என்றதும் இணைப்பு எச்எஃப்பி என்ற வழிக்கு மாறுகிறது. அங்கே இரு திசையிலும் பேச்சு போக வேண்டும் என்பதால் ஒலி மோனோவாகச் சுருங்கி, நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளுக்கு இறங்கிவிடும். குறுந்தகட்டில் அது 44,100. அதாவது 4,000 ஹெர்ட்ஸுக்கோ 8,000 ஹெர்ட்ஸுக்கோ மேலே உள்ள எதுவும் காதுக்கு வராது. வயலினின் மினுமினுப்பும் தாளத்தின் கணீரும் அங்கேதான் இருக்கின்றன. எல்இ ஆடியோ என்ற புதிய முறை இந்தக் குறையைத் தீர்க்கக்கூடியது. அதற்குக் கணினி, ஹெட்போன் இரண்டுமே ஒத்துழைக்க வேண்டும். அதுவரை வழி ஒன்றுதான்: ஒலி அமைப்புகளில் மைக்காக லேப்டாப்பின் மைக்கையோ தனி யூ.எஸ்.பி. மைக்கையோ தேர்ந்துவிடுங்கள். ஹெட்போனின் மைக்கைக் கணினி தொடவே கூடாது.

ப்ளூடூத் ஒலியைச் சுருக்கி அனுப்புகிறது என்பதைப் பலர் முதல் குற்றமாகச் சொல்வார்கள். எனக்கு அது கடைசிக் குற்றம். குறுந்தகட்டின் ஒலி நொடிக்கு 1,411 கிலோபிட். ப்ளூடூத்தின் சுருக்க முறைகளில் எல்லாவற்றிலும் இருக்கும் எஸ்பிசி சுமார் 328, சோனியின் எல்டாக் உச்சத்தில் 990. நல்ல ஹெட்போனில், நல்ல இணைப்பில், எஸ்பிசியும் மோசமில்லை. பெட்டியில் எல்டாக் என்று அச்சிட்டிருந்தாலும் விண்டோஸும் மேக்கும் அதை இயல்பாக அனுப்புவதில்லை என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். லினக்ஸில் பைப்வயர் என்ற ஒலி மென்பொருள் இருந்தால் கிடைக்கும்.

என்னை ஒயர் பக்கம் தள்ளுபவை இரண்டு. முதலாவது தாமதம். ப்ளூடூத்தில் ஒலி ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை பிந்தி வருவது சாதாரணம். படம் ஓட்டும் செயலிகள் காட்சியைப் பிடித்து வைத்து ஒத்துப்போகச் செய்யும். கணினியில் கீபோர்டு வாசித்துப் பழகுபவருக்கு அந்த வசதி இல்லை. விரல் விழுந்த பிறகு சுரம் வந்தால் வாசிக்கவே முடியாது. இரண்டாவது ஆயுள். எச்டி 600-ம் எம்டிஆர்-7506-ம் இத்தனை ஆண்டுகள் ஓடுவதற்குக் காரணம் உள்ளே தேய்ந்துபோக பேட்டரி இல்லை. எழுந்து நடந்துகொண்டே கேட்பது உங்கள் பழக்கம் என்றால் ப்ளூடூத் தரும் சுகத்துக்கு ஈடில்லை, அதை மறுக்க மாட்டேன். மேசையை விட்டு எழாதவருக்கு ஒயர்.

இரைச்சலை நீக்கும் ஹெட்போன்களும் இந்தப் பிரிவில்தான் வரும். அவை நன்றாக அடக்குவது தாழ்ந்த, சீரான இரைச்சலை: குளிர்சாதனத்தின் உறுமல், மின்விசிறி, வண்டியின் எஞ்சின். மனிதப் பேச்சு அதைவிட உயர்ந்த சுருதியில், மாறி மாறி வருவதால் அதை அந்த அளவுக்கு அடக்க முடியாது. பேச்சைத் தடுக்கவே வாங்குகிறேன் என்பவர், நன்றாக ஒட்டும் மூடிய ஹெட்போனையும் காதுக்குள் போகும் இயர்போனையும் முதலில் முயன்று பார்க்கலாம். அதோடு, யூ.எஸ்.பி. துளை இருப்பதாலேயே அதன் வழி பாட்டு வரும் என்று எண்ணிவிடாதீர்கள். சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4-ல் அந்தத் துளை சார்ஜ் போட மட்டுமே.

காதுக்குள் போகும் இயர்போன்களை நான் சுருக்கமாகவே சொல்கிறேன். சரியான ரப்பர் முனை அமைந்துவிட்டால் சிறிய விலையிலும் பெரிய பேஸ் கிடைக்கும், வெளிச்சத்தமும் மறையும். மணிக்கணக்கில் காது அடைபட்டிருப்பது பலருக்கு ஒத்துக்கொள்ளாது. விளையாட்டுக்கான மைக் வைத்த ஹெட்செட்டுகளில் பணம் மைக்கிலும் விளக்கிலும் பிரிந்துபோகிறது. இசைதான் முதன்மை என்றால் நல்ல ஹெட்போனும் ஒரு தனி மைக்கும் மேல்.

ஆம்ப் வேண்டுமா

எச்டி 600 போல 300 ஓம் என்றதுமே பெரிய ஆம்ப் (ஒலியின் சக்தியைக் கூட்டும் தனிக் கருவி) வேண்டும் என்று பயமுறுத்துவார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு மில்லிவாட் சக்திக்கு 32 ஓம் ஹெட்போனில் 0.18 வோல்ட் போதும். 300 ஓமுக்கு 0.55 வோல்ட் வேண்டும். மூன்று மடங்கு. எச்டி 600 ஒரு மில்லிவாட்டுக்கு 97 டெசிபல் தரும் என்று குறிப்பிடப்படுகிறது. ஒரு வோல்ட் தரும் ஜாக்கில் செருகினால் 3.3 மில்லிவாட், ஏறக்குறைய 102 டெசிபல். ஏற்ற இறக்கம் அதிகமான கச்சேரிப் பதிவு ஒன்றின் சராசரி ஒலி உச்சத்துக்கு 20 டெசிபல் கீழே இருப்பதாக வைத்துக்கொண்டாலும் 82 டெசிபல் கையில் இருக்கிறது. நாம் மேலே பார்த்த 80-ஐத் தாண்டிவிட்டது. ஆக, ஒரு வோல்ட் தரும் ஜாக் இருந்தால் பெரும்பாலானோருக்கு ஆம்ப் இல்லாமலே நடக்கும்.

ஓமை மட்டும் பார்ப்பது வேறொரு வகையிலும் ஏமாற்றும். கே702 வெறும் 62 ஓம்தான், ஆனாலும் ஜாக்கைத் திணறடிக்கும். ஒரு மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபல் என்ற எண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும். வாங்கிய பிறகு சோதிப்பதோ இன்னும் எளிது: மிக மெல்லிய ஒலியில் பதிவான உங்கள் பாட்டு ஒன்றைப் போடுங்கள். கணினியின் ஒலியளவை 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றாமலே போதுமென்று தோன்றினால் ஆம்புக்கான பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம்.

ஜாக்கில் சத்தம் போதாமையைவிட இரைச்சல்தான் உண்மையான தொல்லை. மேசைக் கணினியின் முன்பக்க ஜாக்கிற்குப் போகும் ஒயர் கேபினட்டுக்குள் கிராஃபிக்ஸ் கார்டை ஒட்டி நீளமாக ஓடுகிறது. மவுஸை நகர்த்தும்போது காதில் ஜிர்ரென்று ஓர் ஓசை வந்தால் அதன் மூலம் அங்கேதான். பின்பக்க ஜாக்கில் செருகிப் பாருங்கள், பலருக்கு அதிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் சின்ன யூ.எஸ்.பி. டாங்கிள் ஒன்று போதும். எண்களை ஒலியாக மாற்றும் வேலை கேபினட்டுக்கு வெளியே நடந்துவிடும். குறுந்தகட்டுத் தரமான 16 பிட்டே 96 டெசிபல் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். நல்ல டாங்கிள் அதைக் குறையில்லாமல் கொடுத்துவிடும். பெரிய டாக் (எண்களை ஒலியாக மாற்றும் தனிக் கருவி), பெரிய ஆம்ப் என்று மேசையை நிரப்புவதற்கு முன் அந்தப் பணத்தில் ஒரு படி மேலான ஹெட்போன் வருமா என்று பாருங்கள். ஹெட்போன் மாறினால் வரும் வித்தியாசம் யார் காதுக்கும் தெரியும்.

கடைசியில் ஒலியின் நிறம்

பெட்டியில் 5 முதல் 40,000 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். அந்த எல்லைக்குள் ஒலி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று சொல்லாதவரை அந்த எண்ணுக்குப் பொருளில்லை. அளந்து வரைந்த வளைகோடு கிடைத்தால் அதைப் பாருங்கள். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்ட்டியும் செய்த ஆய்வுகளில், நல்ல அறையில் வைத்த நல்ல ஸ்பீக்கர் எப்படிக் கேட்குமோ அதை ஒத்த ஹெட்போனையே கேட்டவர்களில் பெரும்பாலோர் விரும்பினார்கள். பேஸ் சற்று உயர்ந்து, 3,000 ஹெர்ட்ஸ் அருகில் ஒரு மேடு கட்டி, பிறகு மெல்ல இறங்கும் கோடு அது. எல்லார் காதும் ஒன்றல்ல என்றாலும் தொடங்குவதற்கு நல்ல இடம்.

விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, லினக்ஸில் ஈசிஎஃபெக்ட்ஸ் இரண்டும் இலவசம். கணினியில் ஓடும் எல்லாப் பாட்டுக்கும் இவை வேலை செய்யும். மேக்கிலும் இப்படிச் செயலிகள் உண்டு. புகழ்பெற்ற ஹெட்போன்களுக்கு ஏற்கெனவே அளந்து கணக்கிட்ட திருத்தங்களும் ஆட்டோஈக்யூ என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றை மறக்கக் கூடாது: ஏதாவது ஒரு பகுதியை 6 டெசிபல் ஏற்றினால் மொத்த அளவை அதே 6 டெசிபல் இறக்க வேண்டும். இல்லையென்றால் உச்சங்கள் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். டிடி 990-ன் கூர்மையை இறக்குவதும் கே702-க்குக் கொஞ்சம் சதை போடுவதும் இப்படி எளிதாக முடியும். எச்டி 600-ல் இல்லாத 30 ஹெர்ட்ஸை வலுக்கட்டாயமாக ஏற்றினால் சவ்வு திணறும். அங்கே மென்பொருளின் எல்லை வந்துவிடுகிறது. இசை வெளியின் அகலத்தையும் ஈக்வலைசரால் பெரிதாக மாற்ற முடியாது.

இரண்டு ஹெட்போன்களை அருகருகே வைத்து ஒப்பிடும்போது ஒலியளவைச் சமப்படுத்துவதில் பொறுமை காட்டுங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே அது தெளிவாகவும் நிறைவாகவும் இருப்பதுபோல் தோன்றும். சத்தம் குறையக் குறைய பேஸை முதலில் இழப்பது நம் காதின் இயல்பு, ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டியது இது. அதனால் நீங்கள் வழக்கமாகக் கேட்கும் மெல்லிய அளவில்தான் ஒப்பிட வேண்டும். நூறு முறை கேட்ட பாட்டுகளை எடுங்கள்: ஒரு குரல், ஒரு தாளவாத்தியம், நிறைய வாத்தியங்கள் நெருக்கியடிக்கும் ஒரு பாட்டு. குரலில் சீறல் இருக்கிறதா, மிருதங்கத்தின் இரு முகங்களும் இரண்டு வெவ்வேறு தோலாகக் கேட்கின்றனவா, நெரிசலில் வீணை காணாமல் போகிறதா என்று பார்த்தால் எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

திருப்பிக் கொடுக்கும் அவகாசம் இருக்கும்போதே இன்னொன்றும் செய்துபாருங்கள். பாட்டே போடாமல், கண்ணாடி அணிபவரானால் அதையும் போட்டுக்கொண்டு, ஹெட்போனை மாட்டியபடி ஒரு மணி நேரம் உங்கள் வேலையைச் செய்யுங்கள். உச்சந்தலையில் ஒரு புள்ளி வலிக்கிறதா, தாடை எலும்பின் கீழ் அழுத்துகிறதா, காது மடல் உள்சுவரைத் தொடுகிறதா, எத்தனை முறை கை தானாக மேலே போய் அதைச் சரிசெய்கிறது என்று எண்ணுங்கள். நான் திருப்பிக் கொடுத்த இரண்டு ஹெட்போன்களும் அருமையாகப் பாடியவை. ஒன்றில் இருபதாவது நிமிடத்திலேயே கை மேலே போனது, இன்னொன்றில் நாற்பதாவது நிமிடத்தில்.